ஐந்து லிட்டர் உப்புத்தண்ணீருக்காக ஒரு தாராவிப் படையெடுப்பு

போன வெள்ளிக்கிழமை காலை 10.40 மணி. தண்ணீருக்காகப் படை நடத்திய மன்னர்களின் வரிசையில் மாட்டுங்காவிலிருந்து நானும் சேர்ந்தேன். படை என்பது ஐந்து லிட்டர் காலி கேன். காரணம், செம்பூரில் பூச்சிமருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் மீனா. தலைமுடியை நூறாகப் பிளந்தாலும் அதைவிடச் சிறியவை அவளுடைய வேம்பு மருந்தின் துகள்கள். அவை ஒட்டிக்கொண்டு அடியில் படியாமல் தண்ணீரில் மிதப்பதற்காகப் பூந்திக்கொட்டைத் தோலிலிருந்து ஒரு சாறு எடுத்திருக்கிறாள். விவசாயிகள் மருந்து கலக்கும் கிணற்று உப்புத்தண்ணீரிலும் மிதக்குமா என்று மூன்று மணிக்கு மேலாளர் பார்க்கப்போகிறார். படிந்தால் இரண்டு வருட உழைப்புக்கு மூடுவிழா.

மும்பையில் அசல் உப்புத்தண்ணீர் என்றால், தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்தும் செல்லையா அண்ணாச்சியின் போர்வெல்தான். அதில் சோப்பு நுரைக்க ஒரு யுகம் ஆகும். சயானுக்கு லோக்கல் ரயில் ஐந்து ரூபாய், பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. மீனாவுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டுமாம் என்றேன். அண்ணாச்சி எனக்கு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கேனை உள்ளே கொண்டுபோய் நிரப்பி வந்தார்.

குர்லாவில் ரயில் மாறினேன். மடியில் கேன் தளும்ப, ஜன்னலில் நகரம் கரைந்து ஓடியது. செம்பூரில் ஆட்டோவுக்கு 26 ரூபாய். மீனா நாலு சொட்டு எடுத்துச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா, இது குடிக்கிற தண்ணி.”

அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

“வீட்டுப் பிள்ளைக்குன்னு கேக்கிய. அந்தக் கருமத்தையா குடுத்து விடுவேன்? பில்டர் தண்ணி வாங்கில்லா ஊத்துனேன்.”

விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் ஸ்கூட்டரில் எட்டு கிலோமீட்டர் பறந்து வந்தார். 2.50க்கு அசல் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அந்தத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருளையில் மீனா மருந்தை ஊற்றினாள். வெள்ளை மேகம் ஒன்று சோம்பல் முறித்து விரிந்தது. அரைமணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். மேலாளர், மீனா, அண்ணாச்சி, நான், நாலு பேரும் உருளையையே பார்த்தோம். பார்க்கப் பார்க்க நானே அதற்குள் மிதக்கத் தொடங்கினேன். எண்பத்தெட்டுக் கிலோ ஆசாமிக்கு இது சின்னச் சாதனை இல்லை. 3.30க்கு அடியில் நூலளவு வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் மேகமாகவே நின்றது.

மேலாளர் குனிந்து பார்த்து, “சாலு ரக்கோ” என்றார். வேலை தொடரட்டும் என்று அர்த்தம். மீனா நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: சுமையோடு என்றால் காலை நெரிசல் அடங்கியபின் ரயில் ஏறுங்கள். நல்லதையே கொடுத்துப் பழகிய கைக்கு மட்டமான தண்ணீரை ஊற்ற மனசு வராது. அதனால் தாராவியில் தண்ணீர் கேட்கும்போது, குடிக்க இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேன் நிரம்பும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.