பொட்டு வைத்த இடம்

அக்கா அந்தக் காரை ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று அவளே ஓட்டிக்கொண்டு வந்து மலேசியாவில் பாசிர் கூடாங் நகரில் இருக்கும் என் கார் பாலிஷ் கடைக்குள் நுழைத்தபோதே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது. கருநீல நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அத்தான் பழையதாக வாங்கியதுதான், ஆனால் மழை வந்தால் வெளியே எடுக்கமாட்டார். ஆலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போவார். கார் விடுமுறைக்கு மட்டும்.

அக்கா இறங்கி, கைப்பையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக் காட்டினாள்.

"இதால தேய்ச்சிட்டேன்டா தம்பி."

பானெட்டைப் பார்த்தேன். நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் வெளுத்துப் புகை படிந்தது போல இருந்தது.

காஹாங் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று அத்தானின் காரை உரசப் பார்த்ததாம். அந்தப் பயத்தில் வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை போட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து பானெட்டில் அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறாள். வெயிலில் அது ஓடு மாதிரி இறுகிவிட்டது. இன்று காலை அத்தான், "பொட்டத் துடைச்சு வை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். துணிக்கு வரவில்லை என்று இவள் நாரை எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு, ஒட்டிக்கொண்ட எதுவும் பச்சை நாருக்கு மசிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"காரு என்ன குழம்புச் சட்டியா?" என்று கத்திவிட்டேன்.

"கத்தாத. மூணு மணிக்கு வேலை விட்டு இந்த வழியாத்தான் வருவாரு."

அத்தான் கை நீட்டுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். முன்பு ஒருமுறை அவருடைய கைக்கடிகாரத்தைத் துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள் என்பதற்காக, தீபாவளி வந்து போகும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மாகிட்ட சோறு போடச் சொல்லு", "அம்மாகிட்ட கதவச் சாத்தச் சொல்லு" என்று எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அந்த நாட்களில் அவள் பாதியாக இளைத்துப்போனாள். அப்போதிருந்தே எனக்கு அத்தானைப் பிடிக்காது. மரியாதைக்குச் சிரிப்பேன், அவ்வளவுதான்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். பானெட்டைக் கழுவி, கையால் தடவிப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஆலைத் தூசி காரில் ஒட்டி மணலாக நெருடும். அதை எடுக்காமல் பாலிஷ் மெஷினை வைத்தால் கீறல் இன்னும் கூடும். எடுத்துவிட்டு, பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்தேன். அளவு மிகவும் குறைவாகக் காட்டியது. முன்பு வைத்திருந்தவர் நிறைய பாலிஷ் போட்டிருக்கிறார்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குக்கா. கீறல் அதுலதான் விழுந்திருக்கு. பூச்சையே கொஞ்சம் சீவித்தான் கீறலை எடுக்கணும். இதுல சீவறதுக்கே மிச்சம் இல்ல. ஒரு சுத்து கூடிட்டா ஓட்டையாயிடும். அப்புறம் பெயிண்ட் கடைதான்."

"நீ போடு."

மென்மையான பஞ்சை மாட்டி மெஷினை ஓட்டினேன். அழுத்தக்கூடாது, ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, சூடேறவும் விடக்கூடாது. நொடிக்கொரு தரம் புறங்கையை வைத்துப் பார்த்தேன். அக்கா ஷட்டருக்குக் கீழே குனிந்து குனிந்து சாலையைப் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் மெஷினைத் தூக்கிக்கொண்டேன்.

கடைசியில் பாலிஷ் மருந்தைத் துடைத்துவிட்டு விளக்கைக் காட்டினேன். கீறல் போய்விட்டது. பூச்சு தாங்கியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவன், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்ததும் தலையில் கை வைத்தேன். பொட்டு வைத்த இடம் மட்டும் கிணற்றுத் தண்ணீர் போல ஆழமாக மின்னியது. சுற்றிலும் மற்ற இடமெல்லாம் சிலந்தி வலையாகப் பழைய கீறல்கள். இதற்கு முன் யார் கண்ணிலும் படாதவை, இப்போது பளிச்சென்று தெரிந்தன. முழு பானெட்டுக்கும் பாலிஷ் போட்டால்தான் சமமாகும். பானெட் மின்னினால் பக்கங்கள் காட்டிக்கொடுக்கும். அதற்கெல்லாம் அன்று நேரமில்லை.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

"பழையபடி மங்கலா ஆக்கிடு தம்பி. கொஞ்சமா. மத்த எடம் மாதிரி."

"என் கையால நானே கீறணுமா?"

"அவரு பேசாம இருந்தா என்னால தாங்க முடியாதுடா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்த கோபம் அவள் மேல் பாய்ந்தது. "முடியாது. வேணும்னா நீயே தேயி. நாருதான் இருக்கே!" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நாரைக் கையில் எடுத்துவிட்டாள். பானெட் பக்கத்தில் போய் நின்றாள். தேய்க்கவும் இல்லை, நகரவும் இல்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. ஷட்டருக்குக் கீழே அத்தானின் ஆலைக் காலணிகள் தெரிந்தன. குனிந்து உள்ளே வந்தார். காரைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், அக்காவின் கையில் இருந்த நாரைப் பார்த்தார். விரலால் அந்த மின்னும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். அவர் முகம் இறுகிப்போயிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உங்க அக்காகிட்ட சொல்லுங்க, வீட்டுக்குப் போகச் சொல்லி."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். இந்த முறை பிள்ளைகளுக்குப் பதில் நான். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா நாரை பானெட்டின் மேலேயே வைத்துவிட்டாள்.

"நான் இங்கதான் நிக்கிறேன். எங்கிட்டயே சொல்லுங்க."

அத்தான் சாலைப் பக்கம் பார்த்தார். அக்கா வழியை மறித்தாற்போல அவர் எதிரில் வந்து நின்றாள்.

"திட்டணும்னா திட்டுங்க. லாரி உங்கள இடிச்சிருந்தா நான் யாருகிட்ட பேசறது?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"அறிவிருக்கா உனக்கு? நாருல போயி யாராச்சும் காரத் தேய்ப்பாங்களா?"

"ஏன், துடைன்னு சொன்னீங்களே, எதுலன்னு சொன்னீங்களா?"

"அதையுமா சொல்லுவாங்க?"

இருவருடைய குரலும் ஏறியது. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் நாரை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதுப் பஞ்சை மாட்டி, மெஷினைப் போடாமல் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தச் சண்டையில் ஒரு வார்த்தையைக்கூடக் கேட்காமல் விட எனக்கு மனமில்லை.