எழுபத்தொன்பது காட்டிய விரல்

போன வருஷம் மாங்காய்ப் பறிப்பு முடிகிற நேரம், பிள்ளைகளே. முதலமடையில் எங்கள் தோப்பில் நின்றிருந்தேன். மகள் போனில் கூப்பிட்டாள். அவள் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் நடத்துகிறாள். ஆஸ்பத்திரி மெசின்களை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அப்பா, நாளைக்கு எங்க கிளாசுக்கு வாங்க. பசங்க செஞ்ச மெசினை உங்க கையில போட்டுப் பாக்கோணும்."

சந்தோஷம்தான். ஆனால் கை? சீசன் முழுக்க மாங்காய்ப் பால் பட்டு விரலும் நகமும் கறுத்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் கிளாசில் ஒரு மாணவி, விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று செய்திருந்தாள். விரலுக்குள் வெளிச்சம் விட்டு, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று சொல்லுமாம். மார்க் போட வெளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். கூடப் படிக்கிறவர்கள் விரலில் எல்லாம் தொண்ணூற்றெட்டு. என் விரலில் எழுபத்தொன்பது!

அந்தப் பிள்ளை பயந்துபோய், "அங்கிள், மூச்சு முட்டுதுங்களா?" என்றது.

"இல்லைங் கண்ணு. காலையில ரெண்டு மரம் ஏறிட்டுத்தான் பஸ்ஸே ஏறுனேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. என்னால் ஒரு பிள்ளை பெயிலாகிவிடுமோ என்று எனக்கும் பதறியது. "இது அழுக்குக் கைங்க சார். வேற ஆள் விரல்ல போடச் சொல்லுங்க" என்று கிளிப்பைக் கழற்றப் போனேன்.

மகள் விடவில்லை. "கழட்டாதீங்கப்பா" என்றவள், மாணவியைப் பார்த்து, "நீயே சொல்லு. தப்பு விரல்லயா, மெசின்லயா?" என்றாள்.

அந்த மாணவி என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளிப்பை எடுத்து என் காது மடலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு.

"கறை வெளிச்சத்தை மறிக்குதுங்க மேடம். இப்படியும் கை இருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை. மெசின்லதான் தப்பு."

வந்திருந்த சார், "இதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதும்மா" என்று சொல்லி, பாஸ் போட்டுவிட்டார்.

நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், அத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொன்ன அந்தப் பிள்ளை மாதிரி ஒருத்தர் செய்த மெசின்தான் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.