மூன்று கையெழுத்து, ஒரே டைப்

"மூணு பேர் கொரபரேட் பண்ணியிருக்காங்க மிஸ்டர். இன்னும் என்ன வேணும்?"

நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒருவர் போனில் இப்படிக் கேட்டபோது நான் பதுளையில் பத்திரிகை நிருபர். கொரபரேட் என்றால் ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதிப்படுத்துவது. கொழுந்து பறிக்கப் போன மாரியாயி குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டிலேயே அந்த மலைக்குப் போகாதே என்று எச்சரித்தும் அவர் மீறிப் போனார், எனவே வேலையிலிருந்து நிறுத்தப்படுவார் என்றது நிர்வாகம். ஆதாரமாக மூன்று கங்காணிகள் ஒப்பமிட்ட ஆங்கிலக் கடிதங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அப்படியே செய்தியாக்கினேன். பெருமையாகவும் இருந்தது.

செய்தி வந்த பிறகு படம் எடுக்க வார்டுக்குப் போனேன். மாரியாயிக்கு ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மறு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எங்க மேல்மலைக்கு எப்பங்க பெரட்டு வச்சாங்க? எங்களுக்கு மலையிலதானே பேரு போடுவாங்க. பேப்பர்காரருக்கு இதுகூடத் தெரியாதுங்களா?"

தெரியும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தூரத்து மலை ஆட்கள் பெரட்டுக்கு இறங்கி வருவதில்லை. மூன்று கடிதத்தைக் கண்டதும் நான் யோசிப்பதை நிறுத்தியிருந்தேன்.

தோட்டத்துக்கு ஏறிப் போய், கடிதத்தில் ஒப்பமிட்ட மூவரில் மூத்த கங்காணியைப் பிடித்தேன்.

"ஆபீஸ்ல டைப் பண்ணி வச்சிருந்தாங்க. ஒப்பம் போடச் சொன்னாங்க, போட்டோம்."

"வாசிச்சீங்களா?"

"நமக்கு இங்கிலீசு ஏதுங்க? அன்னிக்கு அந்த மலைக்குப் போகச் சொன்னதே நாந்தான்."

கொரபரேட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ஓக் மரத்தையும் அதன் வைரம் பாய்ந்த பலத்தையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பலம் சேர்ப்பது என்று பொருள். ஒரு சாட்சியத்துக்கு வேறொரு இடத்தில் வேர்விட்ட சாட்சியம் முட்டுக் கொடுக்க வேண்டும். துரை ஒரே பலகையை மூன்றாக அறுத்துக் காட்டினார். நான் அதைத் தோப்பு என்று எழுதினேன்.

திருத்தச் செய்தி உள்பக்கத்தில், ஒரு மூலையில் வந்தது. முதல் செய்திக்கு முன்பக்கம் கிடைத்திருந்தது. நடவடிக்கை கைவிடப்பட்டது, மாரியாயி வேலைக்குத் திரும்பினார். துரை மறுபடி போன் செய்தார்.

"கங்காணி சொன்னதா எழுதியிருக்கீங்களே, அதுக்கு கொரபரேஷன் இருக்கா?"

"அந்த மலையில அன்னிக்கு நின்ன அத்தனை பேரும் இருக்காங்க சார். அப்ப நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

புதிதாக வரும் நிருபர்களுக்கு: சாட்சிகளை எண்ணுவதற்கு முன், டைப் அடித்தது யார் என்று கேளுங்கள்.