ஆறாவது விலங்கை அனுப்புவது

மாதேஸ்வரிக்குப் பூதம் செய்கிற வேலை என்பது மூக்கண்டப்பள்ளியில் அவள் தெருவுக்கே தெரியும். சொன்னது அம்மா முனிலட்சுமி. கம்ப்யூட்டர் விளையாட்டு என்று சொன்னால் பெண் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறாள் என்று நினைப்பார்கள். பூதம் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது.

“எங்க மாமியாருக்கு ஒண்ணு அனுப்பேன்டி” என்பாள் எதிர்வீட்டு மாரம்மா.

“உங்க மாமியாரப் பாத்தா அது திரும்பி ஓடியாந்துரும்க்கா.”

வேலை இதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு. மந்திரவாதிகள், கோட்டைகள், யுத்தம். ஆடுகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கிருந்தோ ஒரு விலங்கு வந்து அவருக்காகச் சண்டை போடும், முடிந்ததும் போய்விடும். அப்படி ஆறு விலங்குகளை மாதேஸ்வரி வடிவமைக்க வேண்டும். ஆறும் தேறினால் நிரந்தர வேலை என்றிருந்தது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் இருக்கும் நிறுவனம். தேறாவிட்டால் பழைய பட்டறைக்கே திரும்ப வேண்டியதுதான்.

பட்டறையில் அவள் ஃபிக்ஸ்சர் வரைந்தவள். துளை போடும்போது இரும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனம் அது. அந்தத் தொழிலின் வேதம் ஒன்றே ஒன்று: அடித்தட்டை மாற்றாதே. மேலே இருப்பதை மட்டும் மாற்று. அந்தப் புத்தியோடுதான் விலங்குகளையும் செய்தாள். ஒன்றுக்குக் கொம்பு வைத்தாள், ஒன்றுக்குச் சிறகு, இன்னொன்றுக்கு வாயில் நெருப்பு. கால்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளியில் இருந்தன.

குழுத் தலைவி ஜோதிமணி ஈரோட்டுக்காரி. போனில் சிரித்தாள்.

“ஏம் புள்ள, நாப்பது பேரு சண்ட போடறப்ப எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? ஒரே மாட்டுக்கு ஆறு சட்ட மாட்டி உட்ருக்கற.”

“கலர் வேறதானக்கா?”

“பொகையில கலரா தெரியும்? நெழலப் பாத்தே சொல்லோணும்.”

மாதேஸ்வரி கால் இடைவெளியை மாற்றி மறுபடி அனுப்பினாள்.

“இப்ப மாடு நொண்டுது, அவ்வளவுதான்” என்றாள் ஜோதிமணி.

அப்பா திம்மப்பன் இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவருடைய சீருடையையும் அடையாள அட்டையையும் திருப்பித் தர வேண்டியிருந்தது. அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததால் மாதேஸ்வரி ஒரு பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷிஃப்ட் விடும் நேரம். கம்பெனி வாசலை நோக்கி வெள்ளை பஸ்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. வழித்தட எண் மட்டும் கண்ணாடியின் மூலையில் சின்னத் தாளில். வெளியே வந்த பெண்கள் அந்தத் தாளைப் பார்க்கவேயில்லை. பஸ் திருப்பத்தில் இருக்கும்போதே அவரவர் இடத்துக்கு ஓடினார்கள்.

அவர்களில் ஒருத்தியை நிறுத்தி, “எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டாள். அவள் கழுத்து அட்டையில் பிரியதர்ஷினி என்றிருந்தது.

“வர்றதப் பாத்தா தெரியாதாக்கா? எங்குளுது ஸ்பீட் பிரேக்கர்ல இடுப்ப ஆட்டும். அதோ அது, நின்னப்பறமும் ரெண்டு அடி உருளும். இன்னொண்ணு இருந்துச்சு, ஊரையே ஒதுங்கச் சொல்லி ஆரன் அடிச்சிக்கிட்டு வரும். அந்த டிரைவர் மாமா செத்துட்டாரு. இப்ப அதே பஸ்ஸு ஊமையாட்டம் வருது.”

அது யாரென்று மாதேஸ்வரி சொல்லவில்லை. பையை அலுவலகத்தில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஆறு விலங்குகளையும் அழித்தாள், அடித்தட்டோடு.

இந்த முறை அவள் உருவத்தை முதலில் வரையவில்லை. எப்படி வரும் என்பதை வரைந்தாள்; உடம்பு அதற்கேற்றபடி தானாக அமைந்தது. ஒன்று வழுக்கிக்கொண்டே வந்து, நிற்கத் தெரியாமல் எதிரியின்மேல் மோதி நின்றது. ஒன்று வருவதற்கு முன்பே அதன் தும்மல் வந்தது. ஒன்று வேறு யாரோ கூப்பிட்டதாக நினைத்து அங்கே போய் அசடு வழிந்துவிட்டு வந்தது. இப்படி ஐந்து. ஆறாவதற்கு மலை போன்ற முதுகு, தொங்கும் தாடை. கோட்டைக்கு வெளியிலிருந்தே முழங்கிக்கொண்டு, வழியில் நின்றவர்களையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு வந்தது.

“இப்பத்தான் புள்ள ஆறும் ஆறா இருக்குது” என்றாள் ஜோதிமணி. “ஆமா, கடைசி ஒண்ணுக்குப் போறது எங்க?”

வருவது, சண்டை போடுவது, போவது மூன்றும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். ஆறாவது, சண்டை முடிந்தும் நின்றுகொண்டே இருந்தது.

“செய்யறன்க்கா.”

“வெள்ளிக்கெழமைக்குள்ள செஞ்சிரு. போவாத பூதத்த வெச்சு என்ன பண்றது? ஆளுக்கொண்ணு கூப்புட்டா கோட்ட பூரா அதே நிக்கும். அது இல்லீன்னா ஆறும் தேறாது, பாத்துக்க.”

புகையாக்கிப் பார்த்தாள். அழித்தாள். மண்ணுக்குள் இறக்கினாள். அதைப் பாதியிலேயே அழித்தாள். மற்ற ஐந்தையும் ஒரே காலையில் அனுப்பிவைத்த கை இதில் ஓடவில்லை.

வியாழன் மாலை அம்மா டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது ஏன்டி நிக்குது?”

“போவ வெக்கத் தெரியலம்மா.”

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். விலங்கு தாடையை ஆட்டிக்கொண்டு நின்றது. யாரென்று அவள் கேட்கவில்லை.

“பொசுக்குனு போவச் சொன்னா எப்படிப் போவும்? அவரு என்னிக்கு ஒரே தடவையில போனாரு? வாசல் வரைக்கும் போவாரு, மறந்துட்ட கண்ணாடிய எடுக்க வருவாரு. வண்டியக் கெளப்புவாரு, மப்ளருக்கு வருவாரு. அப்பறமும் ஒருக்கா வருவாரு. ஷிஃப்ட்டுக்கு நேரமாவுதுன்னு நான் கத்தணும்.” டீ டம்ளரை மகள் பக்கம் நகர்த்தினாள். “அந்த ஞாயித்துக்கெழமதான் ஒண்ணையும் மறக்காம போயிட்டாரு.”

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடிக்க இருவருக்கும் நேரம் பிடித்தது.

விலங்கை மூன்று முறை திரும்பி வரவைத்து ஜோதிமணிக்கு அனுப்பினாள். காலையில் ஜோதிமணி கூப்பிட்டாள்.

“அடுத்த சண்டையே ஆரம்பிச்சிருச்சு, இது இன்னும் எதையோ தேடிக்கிட்டு இருக்குது. ஒருக்கா திரும்பினாப் போதும்.”

“ரெண்டு.”

“ஒண்ணு, புள்ள.”

“சரிக்கா.”

அம்மா அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“ம்மா, ஒண்ணுதான் வெக்கணுமாம். கண்ணாடியா, மப்ளரா?”

“மூணாவது.”

“மூணாவதுக்கு எத எடுக்க வருவாரு?”

“ஒண்ணையும் எடுக்கமாட்டாரு. சும்மா வந்து நின்னு பாப்பாரு. நான் என்னாம்பன். ஒண்ணுமில்லம்பாரு. போயிருவாரு.”

மாதேஸ்வரி முதல் இரண்டையும் அழித்தாள். விலங்கு கோட்டை வாசல்வரை போனது. திரும்பி வந்து, அழைத்தவர் முன்னால் நின்றது. பிறகு முழங்காமல் நடந்து போனது. அனுப்பினாள்.

ஆறும் தேறிவிட்டன என்று மதியம் ஜோதிமணி சொன்னாள்.

“உன்ற ஆறாவதக் கூப்புட்டுப் பாத்தன் புள்ள. திரும்பி வந்து நின்னுச்சு பாரு, என்னன்னு நானே கேட்டுப்போட்டன், கம்ப்யூட்டரப் பாத்து. ஆபீசே சிரிக்குது.”

“அது என்னா சொல்லுச்சு?”

“ஒண்ணுஞ் சொல்லல. போயிருச்சு.”