சனிக்கிழமைக்கும் சேர்த்துப் போட்ட சரி

2024 செப்டம்பர் 10, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து ஜெபித்தேன். குளிக்கப் புதுச் சந்தன சவர்க்காரத்தைப் பிரித்ததும் 1992 மணத்தது.

சுன்னாகத்தில் போர்க்காலத் தடையால் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தால் உடுப்புத் துவைத்த காலம். ஞாயிறு பாடசாலை ரீச்சர் எங்களுக்கு நற்குண அட்டை தந்தார். பொய் சொல்லாத நாளுக்குச் சரி, சொன்ன நாளுக்குப் பிழை போடவேண்டும். நல்ல சீடருக்குச் சந்தன சவர்க்காரம் பரிசு. அது எனக்குத்தான் என்று முடிவுசெய்து, திங்கட்கிழமையே ஏழு கட்டங்களுக்கும் அழகாகச் சரி போட்டேன். வியாழனன்று ரீச்சர் வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தார்.

“சனிக்கிழமையும் பொய் சொல்லேல்லையோ, பிள்ளை?”

“இல்லை, ரீச்சர்.”

“இண்டைக்கு வியாழன் எல்லே?”

“நான் சொல்லமாட்டன், ரீச்சர். அதுதான் முதலே போட்டிட்டன்.”

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய அட்டையில் அன்றுவரை எல்லாம் பிழை.

“உவன் உள்ளதை உள்ளபடி போட்டிருக்கிறான். சீடனாக்க உவனிலை தொடங்கலாம்” என்ற ரீச்சர், அந்த ஞாயிறு சவர்க்காரத்தை அவனுக்கே கொடுத்தார்.

“மணந்து மட்டும் பார்” என்று அதை என் மூக்கருகே நீட்டினான்.

இதை எழுத மாலையில் நாட்குறிப்பைத் திறந்தேன். அடுத்த பக்கத்தில், “புதன்: ஐந்தரைக்கு எழுந்து ஜெபித்தேன்” என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்.

செப்டம்பர் 11, புதன். கண்விழித்தபோது ஆறேகால். முதல் வேலையாக அந்த வரியைக் கோடிட்டு வெட்டினேன். பிறகுதான் ஜெபித்தேன்.