மொட்டை மாடியில் சுட்ட சங்கரா

காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தாலும் எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போகும் மகள்தான் அறையிலிருந்து ஓடிவந்து அணைப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் உப்பும் புளிப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரியும். கருவாடா கத்தரிக்காயா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் டிபன் டப்பாவைத் திறந்து, "ஆகா, யார் வீட்டு ரசம்?" என்று கேட்கும்போது, நோட்டுத் திருத்துவதுபோல் குனிந்துகொள்வேன்.

கே.கே. நகரில் பார்த்த டாக்டர், "நரம்பு தேறி வரணும். கிராம்பு, எலுமிச்சை, காபித்தூள்னு தினமும் மோந்து பழகுங்க" என்றார். அந்தப் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் கிளார்க் வேலை அவருக்கு. எதிலும் நேரம் தவறமாட்டார். காலையும் மாலையும் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்குக் கீழே டப்பாவை நீட்டுவார்.

"வருதா?"

"இல்லங்க."

"லேசாக்கூடவா வரல?"

மாதக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இனிமே கேக்காதீங்க. வந்தா நானே சொல்றேன்" என்று கத்திவிட்டேன். அவர் டப்பாக்களை எடுத்து அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து என்னையும் மகளையும் விளாங்குடியில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பி வரும்போது சிம்மக்கல்லில் வாங்கிய ஒரு பை அடுப்புக்கரியும், கம்பி வலையும், ஐஸ் சொட்டச் சொட்ட நாலு சங்கரா மீனும் இருந்தன. டீ போடுவதைத் தவிர அடுப்படியில் எதுவும் தெரியாத மனிதர்.

"என்னங்க இது?"

"மாடியில மீன் சுடப் போறேன்."

"எதுக்கு, திடீர்னு?"

"சும்மாதான். நீ வந்து சேர்ல உக்காரு, போதும்."

மசாலாவையும் அவரே அரைத்தார். மிளகு, சோம்பு, பூண்டு, வற்றல், மஞ்சள். எலுமிச்சையைப் பிழிந்து, நல்லெண்ணெய் விட்டு, மீனைக் கீறிக் கீறி உள்ளே தேய்த்தார். "சோம்பு எம்புட்டு போடணும்?" என்று மட்டும் கேட்டார். ஊறட்டும் என்று வைத்துவிட்டு மாடிக்குப் போனார். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அங்கே கிடந்தது. அதை அடுக்கிக் கரியைக் கொட்டினார். கரி பற்றவில்லை. கொட்டாங்குச்சியை உடைத்துப் போட்டு, மகளின் பரீட்சை அட்டையால் விசிறினார். புகை பூராவும் அவர் முகத்தில்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, மகளும் நானும் சிரித்தோம்.

ஒருவழியாகக் கனல் பிடித்து மீனை வலையில் வைத்தார். எண்ணெய் சொட்டிச் சொட்டிச் சுர்ரென்றது. மகள் வெங்காயம் நறுக்கி வரக் கீழே போனாள். அவர் பக்கத்து வீட்டில் எழுப்பும் சுவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே விசிறினார்.

"அடியில தீயுதுங்க. திருப்புங்க" என்றேன்.

"இன்னும் வேகல. மேல பாரு, பச்சையாத்தானே இருக்கு."

"அட, வால் பக்கம் தீயுதுங்க!"

இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். வால் கரேலென்றிருந்தது. "ஆமா" என்றவர், மீனைப் பிடித்தபடியே அப்படியே நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். கருகிய தோல். அதற்குப் பின்னால், தூரத்தில் யாரோ பேசுவதுபோல, கொஞ்சம் பூண்டு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாப்பா, மேல வா! அம்மாவுக்கு வாசன வந்துருச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மகள் கத்தியோடு ஓடிவந்தாள். "என்ன வாசனம்மா?"

"கருகுன வாசனைடி."

"அது எனக்குக் கீழ வரைக்கும் வந்துச்சே!" என்றாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் மற்ற மூன்று மீனும் அடிபிடித்துவிட்டன. கீழே போகாமல் சோற்றை மாடிக்கே கொண்டுவந்து சாப்பிட்டோம். அவர் தன் தட்டைத் தொடாமல், கருகல் இல்லாத சதையாகப் பார்த்து முள்ளெடுத்து எனக்கு வைத்துக்கொண்டே இருந்தார். ருசி பாதி வாயில் தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெரிந்த பாதியை மென்று மென்று தின்றேன்.

மற்ற வாசனைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. காபி கொஞ்ச நாள் ரப்பர் எரிவதுபோல் நாறியது. மல்லிகைப்பூ கடைசியாக வந்தது. அவர் மீன் சுடுவதை மட்டும் விடவில்லை. பூண்டு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று இப்போது எனக்கே சொல்லித் தருகிறார். நானும் சரிங்க என்று கேட்டுக்கொள்கிறேன்.