சிவப்பு நுனிக் குச்சி

விமானம் வயலில் முட்டி நின்றதும் அவர் செய்த முதல் காரியம், இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியதுதான். ஒரு மரக்குச்சி அகப்பட்டது. நுனியில் சிவப்புச் சாயம். அந்த விமானத்தின் குச்சிக்கு நுனி நீலம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பீரங்கிப் படையில் பதினேழு வருடம், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருபத்தோரு வருடம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுழிப்பிழை. அளவுகருவியைக் கையில் எடுத்தால், எதையும் அளக்கும் முன் அந்தக் கருவி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்ற சுழிப்பிழையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். குறிக்காதவனுக்கு விடை சரியாக வந்தாலும் முட்டை. அழுதாலும் முட்டைதான்.

அந்தக் கறார்த்தனம் படையிலிருந்து வந்தது. குண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது அங்கே அவர் வேலை. ஒரு காலையில், காற்றுக்காகக் கழிக்க வேண்டிய ஓர் எண்ணைக் கழிக்க மறந்தார். குண்டு சொந்த ஆட்களின் காவல் சாவடியில் விழுந்தது. அங்கிருந்த வயர்லெஸ்காரர் செத்துப்போனார். தான் இருக்கும் இடத்தை அவரே தப்பாகச் சொல்லிவிட்டார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். செத்தவர் வந்து மறுத்துப் பேசவா போகிறார்? இவரும் கையெழுத்துப் போட்டார். இதைத் தன் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

விமானம் ஓட்டக் கற்றது நாற்பத்தெட்டு வயதில். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்ட ஒரு பறப்போர் சங்கம். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்கள் அங்கே இருந்தன. வாரம் ஆறு நாளும் யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும் மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடம் மேலேதான் கிடைத்தது. மனைவிக்கு அது பிடிபடவே இல்லை. "மேல போய் என்னத்ததான் பாக்குறீங்க? இங்க அண்ணாந்து பாத்தா ஒட்டடை தொங்குது. அதுவும் உயரத்துலதான இருக்கு" என்பார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டும். அந்த முள்ளை ஒருவரும் நம்புவதில்லை. இறக்கை மேல் ஏறி, தொட்டிக்குள் குச்சியை விட்டு, நனைந்த கோட்டைப் பார்ப்பார்கள். முள் பொய் சொல்லும், குச்சி சொல்லாது என்பது பேச்சு. தொட்டியின் அகலம் வேறு வேறு என்பதால் குச்சியும் தனித்தனி. வெள்ளைக்குச் சிவப்பு நுனி, மஞ்சளுக்கு நீலம். கொட்டகைச் சுவரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

ஒன்பது வருடமாக அவர் ஓட்டியது வெள்ளை விமானத்தை. அந்த ஞாயிறு அதை வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். மஞ்சளை எடுத்தார். கை மட்டும் பழைய ஆணிக்குப் போனது. குச்சி அறுபது லிட்டர் காட்டியது, இருந்தது முப்பது. முள் சரியாகத்தான் காட்டியது. அதை விரலால் சுண்டிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு மணி இருபது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. அறுவடை முடிந்த வயல் ஒன்று கண்ணில் பட்டது அவர் அதிர்ஷ்டம். இறக்கை ஒடிந்தது, அவருக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல். ஆட்கள் ஓடிவந்தபோது குச்சியை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை சங்கச் செயலாளர் போன் செய்தார். அவர் குரலில் அத்தனை அக்கறை. தொட்டிக்கு அடியில் உள்ள வால்வைப் போன வாரம்தான் மெக்கானிக் மாற்றியிருந்தாராம், அது சரியாக மூடாமல் ஒழுகியிருக்கும், அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. நீங்கள் உடம்பைப் பாருங்கள், வெள்ளிக்கிழமை வந்து, அப்படி எழுதிய அறிக்கையில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வாயைத் திறந்தால் பறக்கும் உரிமம் போகும். அவர் வயதுக்கு அது திரும்பி வராது. சரி என்று போனை வைத்தார்.

செவ்வாய் போனது. புதன்கிழமை கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டபடி ஆய்வகத்துக்குப் போனார். ஒரு மாணவி அளவை எழுதி நீட்டினாள். வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவள், "சுழிப்பிழை பாத்துட்டேன் சார்" என்று தானே சொன்னாள். வியாழன் மாலை கொட்டகைக்குப் போனார். இரண்டு குச்சிகளும் அதனதன் ஆணியில் தொங்கின. யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. "அந்த வயர்லெஸ்காரர் செத்துட்டாரு. இந்த மெக்கானிக் உயிரோடதான இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாமல், வேறு தாள் வாங்கி நடந்ததை நடந்தபடி எழுதினார். செயலாளருக்கு முகம் சுருங்கியது. யாரும் கேட்காததை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஆசிரியர் அங்கிருந்து நேராக அந்த மெக்கானிக் வீட்டுக்குப் போனார்.

மெக்கானிக் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் தையல் மிஷினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"தெரியும் சார். வயல்ல வண்டிய இழுக்கப் போனப்பவே குச்சியப் பாத்தேன். நான்தான் கொண்டுவந்து மாட்டினேன்."

"ஏங்க சொல்லல?"

"நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னுவாங்க. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. புதன்கிழமை பஸ் டிப்போல வேலை கேட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு எடுத்து மாட்டினீங்க?"

மெக்கானிக் ஒரு திருகாணியைத் துணியில் துடைத்து வரிசையில் வைத்தார். "அதோட எடம் அதான சார்."

சங்கம் கூப்பிட்டும் மெக்கானிக் போகவில்லை. ஆசிரியரின் உரிமம் அடுத்த மாதம் ரத்தானது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். ஒட்டடை அப்படியேதான் தொங்குகிறது. மனைவி அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.